போர்டு மாறினால் சாம்பார் மாறுமா?

மென்பொருள் கம்பெனிகளில் ஐந்து வருடம், ஏழு வருடம் குப்பை கொட்டிய பிள்ளைகள் வரிசையாக டேட்டா சயின்ஸுக்கு மாறக் கிளம்பியிருக்கிறார்கள். ராஜகுளம் மாதிரி ஊரிலேயே எனக்குத் தெரிந்து நான்கு வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. மாறுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதற்கு மாறுகிறோம் என்று தெரியாமல், கடன் வாங்கி, கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மாறுவதில்தான் ஆட்சேபணை. அந்த மாற்றத்தை விற்றுக் காசாக்குகிறவர்கள் மேல் கோபமே உண்டு. இன்று கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டா சயின்ஸ் என்ற வேலையின் பெரும்பகுதி, ஒரு எண் எங்கே பிறந்தது, யார் கையால் பிறந்தது, வழியில் என்ன ஆனது என்று விசாரிக்கும் வேலை. அந்த விசாரணையில் ருசி இருப்பவர்கள் தாராளமாக மாறட்டும். ருசி இல்லாமல் சம்பளத்துக்காகவும் பெயருக்காகவும் மாறுகிறவர்கள் இரண்டு வருடத்தில் அடுத்த போர்டைத் தேடிக்கொண்டு நிற்பார்கள்.

"கம்ப்யூட்டரைப் பற்றி நீ என்னய்யா சொல்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு அரசு எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் புள்ளிவிவரப் பிரிவில் கழித்தவன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊர்ப்பக்கம் வந்து இங்கே ஒதுங்கினேன். ஜாவாவும் எனக்குத் தெரியாது, பைத்தானும் தெரியாது. ஆனால் நீங்கள் டேட்டா என்று சொல்லும் சரக்கை முப்பது வருடத்துக்கு மேல் பச்சையாகக் கையில் தொட்டிருக்கிறேன். கிராமத்திலிருந்து தாளில் வரும். கூட்டிப் பெருக்கி அட்டவணையாக்கி மேலே அனுப்புவேன். மேலே இருப்பவர்கள் அதை வைத்துத் திட்டம் போடுவார்கள். சரக்கு சந்தைக்குப் போவதற்கு முன் களத்தில் எப்படிக் கிடந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்குப் பேச உரிமை உண்டு.

ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். எங்கள் பிரெஞ்சு வாத்தியார்கள் டேட்டா என்று சொல்ல மாட்டார்கள், 'தொன்னே' என்பார்கள். 'தரப்பட்டவை' என்று பொருள். டேட்டா என்ற லத்தீன் சொல்லுக்கும் அதே பொருள்தான். தமிழில் 'தரவு' என்கிறோம். அதுவும் தருதல் என்ற வினையிலிருந்து வந்ததுதான். மூன்று மொழியும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: இது யாரோ தந்தது. தந்தது என்றால் அடுத்த கேள்வி தானாக வர வேண்டும். யார் தந்தார்? எந்த நிலைமையில் தந்தார்? எதை மறைத்துத் தந்தார்? இந்தக் கேள்விகளைக் கேட்காதவருக்கு எத்தனை சான்றிதழ் இருந்து என்ன?

இப்போது பெயரின் கதைக்கு வருவோம். வில்லியம் கிளீவ்லாண்ட் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 2001-ல் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளியியலை விரிவுபடுத்தி அதற்கு டேட்டா சயின்ஸ் என்று பெயர் வைக்கலாம் என்பது அதன் சாரம். 2008 வாக்கில் லிங்க்ட்இன், ஃபேஸ்புக் போன்ற கம்பெனிகளில் டேட்டா சயின்டிஸ்ட் என்ற பதவிப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. 2012 அக்டோபரில் டாவன்போர்ட், டி.ஜே. பாட்டில் என்ற இருவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில், இந்த நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான வேலை இதுதான் என்று தலைப்பிட்டு எழுதினார்கள். அங்கேதான் தீ பிடித்தது.

அதே இருவர் 2022-ல் மறுபடி எழுதினார்கள். அதற்குள் அந்த வேலை பல துண்டாகப் பிரிந்துவிட்டிருந்தது. தரவைக் கொண்டுவந்து சேர்ப்பவர் டேட்டா இன்ஜினியர். மாதிரியைக் கட்டி ஓட்டுபவர் மெஷின் லேர்னிங் இன்ஜினியர். அறிக்கை தருபவர் அனலிஸ்ட். ஒரே ஆள் எல்லாம் செய்த காலம் போய்விட்டது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர் விளம்பரக்காரர்கள் மட்டும் 2012-ன் தலைப்பை லேமினேட் செய்து இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

பொறியியல் கல்லூரிகளும் சும்மா இருக்கவில்லை. 2020-க்குப் பிறகு 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' என்ற பிரிவு தமிழ்நாடு முழுவதும் முளைத்தது. நல்லபடியாக நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பல இடங்களில் அதே ஆசிரியர், அதே லேப், அதே கம்ப்யூட்டர்; வாசலில் போர்டு மட்டும் புதிது. ஹைவேயில் ஒரு ஓட்டல் இருக்கிறது. ஐந்து வருடத்தில் மூன்று தடவை பெயர் மாற்றிவிட்டார்கள். சாம்பார் அதே சாம்பார்தான்.

சரி, களத்துக்குப் போவோம். நெல் விளைச்சல் எவ்வளவு என்று அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. குலுக்கல் எண்களை வைத்துக் கிராமத்தில் சில சர்வே எண்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, அதுவும் குலுக்கலில் வந்த எண்ணின்படி, இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் நடந்து போய் முளைக்குச்சி அடிக்க வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும்.

கணக்குப் போடுங்கள். ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அதாவது அந்தக் கட்டம் ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. கட்டத்துக்குள் ஒரே ஒரு கிலோ கூடக் குறைய எழுதினால் ஹெக்டேருக்கு 400 கிலோ மாறிவிடும்! கயிறு தொய்ந்திருந்தாலோ, ஓரத்துக் கதிரை உள்ளே சேர்க்கலாமா வேண்டாமா என்று தயங்கினாலோ, நெல் ஈரமாக இருந்தாலோ போதும். குலுக்கலில் வந்த வயல் சேற்றுக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, வெயில் ஏறிவிட்டது, ரோட்டோரமாகவே ஒரு வயல் தயாராக இருக்கிறது என்றால் மனுஷன் என்ன செய்வான்?

இதில் பணமும் இருக்கிறது. 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதை இந்தப் பரிசோதனைகளின் சராசரியை வைத்துத்தான் தீர்மானிப்பது வழக்கம். எண் இறங்கினால் விவசாயிக்கு இழப்பீடு. எண் ஏறினால் காப்பீட்டுக் கம்பெனிக்கு லாபம். கயிறு கட்டும் ஆளைச் சுற்றி இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். அங்கே பிறக்கும் எண், பிறகு கணினிக்குள் போய், சிறுசேரியில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் ஒரு கட்டத்தில் நிற்கும் எண்ணாக வந்து சேரும். சேறும் வெயிலும் கழன்று போயிருக்கும். பார்க்க வெகு சுத்தமாக இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு வருடம் ஒரு கட்டுப் படிவங்கள் வந்தன. எடை எல்லாம் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிந்தது. ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே மடிப்பு. மடிப்பில் டீ கிளாஸ் வைத்த வட்டம் வேறு. வயலில் எழுதிய தாளில் மண் இருக்கும், வியர்வை இருக்கும். இதில் டீ இருந்தது. குறிப்பு எழுதி மேலே வைத்தேன். மேலதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "டேலி ஆகுதா?" கூட்டல் டேலி ஆகிறது சார், வயல்தான் டேலி ஆகவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்பு கோப்புக்குள் போனது, எண்கள் அட்டவணைக்குள் போயின. இன்று அந்த வருடத்து எண்களை யாராவது கணினியில் ஏற்றியிருந்தால், அதற்குள் இருக்கும் டீக்கடையை எந்த மென்பொருள் கண்டுபிடிக்கும்?

ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிவது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 30, 35, 40 வயதுக்காரர்கள் திடீரென்று அதிகமாகவும், 29, 31, 39 வயதுக்காரர்கள் குறைவாகவும் இருப்பார்கள். வயது சரியாகத் தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். உலகம் முழுக்க இது உண்டு. மக்கள்தொகையியலில் இதை அளக்கவே தனிக் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

பெரியவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் லாப்லாஸ் பெயரைக் கேட்காமல் யாரும் வெளியே வர முடியாது. பிரான்ஸ் முழுவதையும் எண்ண முடியாத நிலையில், 1802-ல் அவர் ஒரு யோசனை சொன்னார். 30 மாவட்டங்களில் சில ஊர்களை மட்டும் எடுத்து, அங்கே இருப்பவர்களையும் பிறப்புகளையும் எண்ணுவது. அந்த ஊர்களில் 20,37,615 பேர் இருந்தார்கள். மூன்று வருடத்தில் 2,15,599 பிறப்புகள். ஆண்டுக்கு ஒரு பிறப்புக்குச் சுமார் 28 பேர் என்று விகிதம் கிடைத்தது. நாட்டின் மொத்தப் பிறப்புகளை அந்த விகிதத்தால் பெருக்கினால் மக்கள்தொகை வந்துவிடும். இதில் எனக்குப் பிடித்த இடம் பெருக்கல் இல்லை. எந்த மேயர்கள் அக்கறையும் விவரமும் உள்ளவர்களோ, அவர்கள் ஊர்களில் எண்ணச் சொன்னார். அவ்வளவு பெரிய கணித மேதை, சூத்திரத்துக்கு முன்னால் எண்ணுகிற ஆளைப் பார்த்தார்!

நம் நாட்டில் மகலநோபிஸ். 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். வங்காளத்தில் சணல் விளையும் பரப்பை அளக்க 1937 முதல் மாதிரிக் கணக்கெடுப்புகள் நடத்தினார். களத்துக்குப் போகிறவர் தப்பு செய்வார் என்பதை எடுத்த எடுப்பிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல் அளக்க வேண்டும். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசமே எவ்வளவு நம்பலாம் என்று காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கணினியும் இல்லாமல் செய்தது இது.

இவ்வளவு தூரம் எதற்கு, உத்திரமேரூருக்கே போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். 30 குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது; அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. கணக்கை விட, கணக்குத் தருபவரின் யோக்கியதை முதலில் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் கல்லில் வெட்டி வைத்தார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் பெயரைக் குடத்தில் போட முடியாது. அதனால்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மென்பொருளுக்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காஞ்சிபுரத்துத் தறியில் வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். லியோன் நகரத்து ஜக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் 1804-ல் செய்த ஏற்பாடு. துளை போட்ட அட்டைகளைக் கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். துளை இருந்தால் இழை மேலே போகும், இல்லாவிட்டால் போகாது. அதைப் பார்த்துத்தான் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு அட்டை வைக்க நினைத்தார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹோலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். ஆக அந்த அட்டைதான் மென்பொருள். அட்டையில் ஒரு துளை தப்பாக விழுந்தால் புட்டாவில் அன்னத்தின் கழுத்து உடையும். அடுத்த அன்னத்துக்கும் உடையும். நெசவாளி கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். தறியை நிறுத்தி அட்டையை மாற்றுவார்.

ஜரிகை வேறு கதை. அட்டை எல்லாம் சரி, அன்னம் அழகாக விழுகிறது. ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் எவ்வளவு என்பது தறியில் தெரியாது. போலி ஜரிகை என்றால் புடவை பளபளவென்றுதான் கடைக்குப் போகும். கல்யாணம் முடிந்து, ஒரு வருடம் கழித்துப் பீரோவைத் திறக்கும்போது கறுத்திருக்கும். அதைப் பரிசோதிக்கத் தனி வித்தை வேண்டும், உரைத்துப் பார்க்கும் ஆள் வேண்டும். மென்பொருள் தப்பு அட்டைத் தப்பு. அன்றைக்கே கண்ணில் படும். தரவுத் தப்பு ஜரிகைத் தப்பு. பளபளவென்று போய்விட்டு, காசு கைமாறிய பிறகு கறுக்கும்.

வெளிநாட்டில் இப்படிக் கறுத்த கதைகள் உண்டு. கூகுள் 2008-ல் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. மக்கள் கூகுளில் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்தே ஃப்ளூ காய்ச்சல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லிவிடும். ஆகா ஓகோ என்றார்கள். 2012-13 குளிர்காலத்தில் அது சொன்ன எண், டாக்டரிடம் போனவர்களின் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. 2015-ல் மூடிவிட்டார்கள். ஜில்லோ என்ற அமெரிக்கக் கம்பெனி, கணினி சொல்லும் விலையை நம்பி வீடுகளை வாங்கி விற்றது. விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடி, ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கை அனுப்பியது. அங்கே இருந்தவர்கள் ஆறு மாத கோர்ஸ் படித்தவர்கள் இல்லை, உலகத்திலேயே கெட்டிக்காரர்கள். அவர்களுக்கே இந்தப் பாடு!

இப்போது ஆறு மாத கோர்ஸைப் பார்ப்போம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக ஜாவாவில் வேலை. அப்பா தறி நெய்தவர். வீட்டுக் கடன் இவள் சம்பளத்தில் ஓடுகிறது. போன மாதம் ஒரு கோர்ஸின் விளம்பரத் தாளோடு வந்தாள். கட்டணம் மூன்று லட்சம். அதற்கும் தவணை, அவர்களே கடன் ஏற்பாடு செய்து தருவார்களாம். முழு நேரமும் படித்தால் சீக்கிரம் முடியும் என்று வேலையை விடச் சொல்லியிருக்கிறார்கள்.

"எல்லாரும் மாறிட்டாங்க தாத்தா. நான் மட்டும் அதே இடத்துல உட்கார்ந்திருக்கேன். பயமா இருக்கு."

"ஏம்மா, அங்க என்ன சொல்லித் தருவாங்க?"

"ப்ராஜெக்ட் செய்ய வைப்பாங்க தாத்தா. ஐரிஸ் பூ, டைட்டானிக் கப்பல், அப்புறம் பாஸ்டன் வீட்டு விலை."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஐரிஸ் என்பது மூன்று வகைப் பூக்களில் வகைக்கு 50 என்று 150 பூக்களின் இதழ் அளவு. புள்ளியியல் மேதை ஃபிஷர் 1936-ல் பயன்படுத்தியது. பூக்களை அளந்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியல்காரர். கியூபெக்கின் காஸ்பே பகுதியில் அந்த மூன்றில் இரண்டு வகையை ஒரே புல்வெளியில், ஒரே நாளில் பறித்து, ஒரே ஆள், ஒரே கருவியால் அளந்தது. அதனால்தான் அந்தத் தரவு அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம் எப்படி வந்தது என்பதுதான் பாடம். கோர்ஸில் அதைத் தவிர மற்றதெல்லாம் நடத்துவார்கள். மாணவர் நான்கு வரி நிரல் எழுதி, நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சான்றிதழ் வாங்குவார். பிறகு ஒரு கம்பெனியில் சேர்ந்ததும் அவர் மேசைக்கு வரப்போவது, நான் பார்த்த டீக்கடைப் படிவம்.

இவர்களைத்தான் நான் திட்டுகிறேன். பயத்தை விற்கிறார்கள். மென்பொருள் செத்துவிட்டது என்று ஒரு விளம்பரம், டேட்டாதான் புது எண்ணெய் என்று இன்னொரு விளம்பரம். நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, நிபந்தனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் போடுகிறார்கள். மூன்று லட்சம் என்பது ஒரு நெசவாளி குடும்பத்துக்கு என்ன தொகை என்று இவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் தவணை போட்டுத் தருகிறார்கள்.

உறவுக்காரர்களையும் விடப் போவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், "பையன் இன்னும் வெறும் சாப்ட்வேர்தானா?" என்று கேட்கும் பெரிய மனிதர்களே, உங்கள் காலத்தில் பி.காம். படித்தவரைப் பார்த்து, "இன்னும் வெறும் பி.காம்.தானா?" என்று யாராவது கேட்டார்களா?

எதிர்க்கட்சியின் வாதங்களையும் சொல்லிவிட வேண்டும். "தரவில் இருக்கும் குப்பையை எல்லாம் இனி ஏஐ பார்த்துக்கொள்ளும்." கட்டத்துக்குள் இருக்கும் முரண்பாட்டைப் பார்க்கும், ஒப்புக்கொள்கிறேன். எடை எல்லாம் ஐந்தில் முடிகிறது என்று சொல்லிவிடும். கட்டத்துக்கு வெளியே, வயலுக்குப் போகாமலே எழுதியதை அது எதை வைத்துப் பார்க்கும்? யாராவது போன் செய்து கிராமத்து ஆளைக் கேட்க வேண்டும். அந்தப் போனைச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதுதான் இந்தத் தொழில்.

"சம்பளம் அதிகம்." இருக்கலாம். ஆனால் புதிதாக மாறுகிறவர், ஆறு வருட அனுபவத்தை இங்கே விட்டுவிட்டு, அங்கே புதியவர்களோடு வரிசையில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வரவு மட்டும் எழுதினால் அது கணக்கா?

"மென்பொருளுக்கு எதிர்காலம் இல்லை." இதற்குக் கூகுள்காரர்களே பதில் வைத்திருக்கிறார்கள். 2015-ல் அந்தக் கம்பெனிப் பொறியாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிஜத்தில் ஓடும் ஒரு மெஷின் லேர்னிங் அமைப்பில், கற்றுக்கொள்ளும் நிரல் மிகச் சிறிய பகுதி. சுற்றிலும் தரவு சேகரிப்பது, சரிபார்ப்பது, பரிமாறுவது, கண்காணிப்பது என்று பெரிய கட்டடமே இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டுகிறவர் யார்? மென்பொருள் பொறியாளர்தான். ஆறு வருடமாக ஜாவா எழுதிய பெண்ணுக்கு அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வாசலில் டிக்கெட் வாங்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால் யார் மாறலாம்? என் அளவுகோல் எளிது. மென்பொருளில் ஒரு சோதனை எழுதினால் தேறும் அல்லது தேறாது. தரவில் விடை, "இதற்கும் இதற்கும் நடுவில் இருக்கலாம்" என்றுதான் வரும். அந்த 'இருக்கலாம்' உங்களுக்கு எரிச்சல் தந்தால், இருக்கும் இடமே நல்ல இடம். அதில் சுவாரசியம் இருந்தால், பேப்பரில் ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் "எதில் சதவீதம், யார் எண்ணினது?" என்று வாய் தானாகக் கேட்டால், நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டீர்கள்.

அவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். வேலையை விடாதீர்கள். உங்கள் கம்பெனியிலேயே தரவு மலையாகக் கிடக்கும். நீங்கள் எழுதிய மென்பொருள் தினமும் கக்கும் பதிவுகளில் இருந்து தொடங்குங்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? எஸ்க்யூஎல் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். நிகழ்தகவும் புள்ளியியலும் புத்தகம் வைத்து, கையால் கணக்குப் போட்டுப் படியுங்கள். என்பிடெல்லில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டம் வேண்டும் என்றால் ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய படிப்பு இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே இணையத்தில் படிக்கலாம். தேர்வு நேரில் எழுத வேண்டும். நடுவில் சான்றிதழோடோ டிப்ளமோவோடோ நிறுத்திக்கொள்ளவும் வழி உண்டு. கணிதத்தில் உண்மையான பிடிப்பு இருந்தால் சிறுசேரியில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் முதுகலை இருக்கிறது. நுழைவுத் தேர்வில் முட்டிப் பாருங்கள். தேறாவிட்டாலும் படித்தது கையில் நிற்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஏதாவது ஒரு சின்ன விஷயத்தை ஒரு வருடம் நீங்களே கணக்கெடுங்கள். வீட்டுக் கிணற்று நீர்மட்டமோ, உங்கள் பஸ் வரும் நேரமோ, காய்கறி விலையோ, எதுவானாலும் சரி. தினமும் ஒரே நேரம், ஒரே முறை. மூன்றாவது வாரம் ஒரு நாள் மறந்துபோகும். அன்றைக்கு நேற்றைய எண்ணையே போட்டுவிடலாமா என்று கை துடிக்கும். அந்தத் துடிப்பு தெரிந்தவருக்குத்தான் மற்றவர்களின் எண்ணை எப்படிப் படிப்பது என்று தெரியும். எந்த கோர்ஸும் இதைச் சொல்லித் தராது. இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

நம் நாட்டில் 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. 2011-ன் எண்களை இழுத்து நீட்டித்தான் அதற்குப் பிறகு பல வருடம் எல்லாரும் சராசரியும் சதவீதமும் போட்டார்கள். எண்களைச் சமைக்கத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். எண்களை விளைவிக்க ஆள் இல்லை. இளைஞர்கள் இந்தப் பக்கம் வந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் வயல் வழியாக வாருங்கள், காலில் கொஞ்சம் சேறு படட்டும். மூன்று லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். அசல் குறையும், வட்டியும் குறையும். அந்தக் கணக்குக்கு எந்த மாதிரியும் தேவையில்லை.